முதல் ஸ்கூபா சான்றிதழைக் குளிர்ந்த தண்ணீரில் எடுக்கலாமா?

கேள்வி இதுதான்: நன்றாக நீச்சல் தெரியும், ஸ்கூபா தெரியாது. எட்டும் தூரத்தில் இருப்பது ஓர் ஏரி. வகுப்பு நடக்கும் மாதத்தில் தண்ணீர் 8 டிகிரி. முதல் சான்றிதழான ஓப்பன் வாட்டரை அங்கேயே முடித்துவிடலாமா, இல்லை பொறுத்திருந்து வெதுவெதுப்பான கடலுக்குப் போய் எடுப்பதா? குளிரில் எடுத்தால் அந்த அட்டைக்கு மதிப்பு கூடுதலா?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அட்டை ஒன்றுதான். பேடி, எஸ்எஸ்ஐ போன்ற டைவிங் பயிற்சி அமைப்புகளின் ஓப்பன் வாட்டர் அட்டையில் நீங்கள் 8 டிகிரியில் நடுங்கினீர்களா, 28 டிகிரியில் மிதந்தீர்களா என்று எழுதியிருக்காது. துணை டைவருடன் 18 மீட்டர் வரை இறங்கலாம், அவ்வளவுதான். ஆனால் அதில் எழுதாத ஒரு நிபந்தனை உண்டு: பயிற்சி பெற்ற சூழலுக்கு நிகரான சூழலில்தான் நீங்கள் தேர்ந்தவர். வெப்பக் கடலில் அட்டை வாங்கியவர் குளிர்ந்த ஏரிக்கு வந்தால் புதிதாகக் கற்க நிறைய இருக்கும். குளிரில் வாங்கியவர் வெப்பக் கடலுக்குப் போனால் அலை, நீரோட்டம், படகிலிருந்து குதிப்பது என்று சில புதியவைதான். மற்றபடி எடையைக் குறைத்துக்கொண்டு இறங்கிவிடலாம்.

ஆக, எடுக்கலாம். நானும் அப்படித்தான் எடுத்தேன். அதன்பிறகு பல ஆண்டுகளாக இதேபோன்ற தண்ணீரில் புதியவர்களோடு உதவியாளனாக இறங்கிவருகிறேன். பாதியில் விட்டுப்போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலானோருக்குச் சிக்கல் தைரியத்தில் இல்லை. அளவில்லாத உடை, அவசரப்பட்ட பயிற்றுநர், போதாத நீச்சல்குளப் பயிற்சி, இந்த மூன்றில் ஒன்றுதான். கட்டணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியதும் இந்த மூன்றைத்தான்.

முதலில் அந்த 8 டிகிரி எந்த ஆழத்தில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோடையில் ஏரியின் மேல்மட்டம் 18, 20 டிகிரி இருக்கும். பத்துப் பன்னிரண்டு மீட்டர் இறங்கியதும் கண்ணாடிப் பலகை வைத்ததுபோல் ஒரு கோடு வரும், அதற்குக் கீழே 6 டிகிரி. முகத்தில் அறைந்த மாதிரி இருக்கும். நன்னீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனமாக இருக்கும். அதனால் ஆழமான ஏரிகளின் அடியில் கோடையிலும் அந்த அளவுக் குளிர் தங்கியிருக்கும். மேலே எவ்வளவு வெயில் அடித்தாலும் நீங்கள் பயிற்சி செய்யப்போகும் ஆழத்தின் வெப்பநிலைதான் கணக்கு. ஐரோப்பாவின் ஈஎன் 250 தரவிதி 10 டிகிரிக்குக் கீழே உள்ளதைக் குளிர்நீராகக் கொள்கிறது. உங்கள் ஏரி அதற்குள் வருகிறது.

தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பிலிருந்து சூட்டை இழுத்துக்கொள்ளும். ஆகவே உடைதான் முதல் விஷயம். வெட்சூட் என்பது உள்ளே புகும் கொஞ்சம் தண்ணீரைச் சூடாக வைத்திருக்கும் நியோப்ரீன் உடை. அதன் துணிக்குள் இருக்கும் வாயுக் குமிழ்கள்தான் குளிரைத் தடுக்கின்றன. 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்காகும்போது அந்தக் குமிழ்கள் பாதியாகச் சுருங்கிவிடும். அதாவது, குளிர் கூடக் கூட உடை மெலிந்துகொண்டே போகும். 7 மில்லிமீட்டர் வெட்சூட்டில் 8 டிகிரி ஏரியில் ஒரு டைவ் முடித்துவிடலாம். இரண்டாவது டைவுக்கு அதே ஈர உடையைக் காற்றில் நின்று மறுபடி மாட்டும்போதுதான் பலர் வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசிப்பார்கள்.

என் அபிப்பிராயம்: 10 டிகிரிக்குக் கீழே என்றால் டிரைசூட்டிலேயே படியுங்கள். தண்ணீரை வெளியே நிறுத்திவிடும் உடை அது. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் அல்லது சிலிக்கோன் பட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். சூடு தருவது உள்ளே போடும் கம்பளி அல்லது ஃப்ளீஸ் உடையும் அதற்குள் தங்கும் காற்றும்தான். பருத்தி பனியனைப் போட்டு வராதீர்கள். வியர்வையில் நனைந்தால் அது உடம்போடு ஒட்டிக் குளிரும். இறங்கும்போது அழுத்தத்தால் உடை உடம்பைக் கிள்ளும். மார்பில் உள்ள பொத்தானை லேசாகத் தட்டிக் காற்று சேர்க்க வேண்டும். ஏறும்போது அந்தக் காற்று விரியும். இடது தோளுக்குக் கீழே இருக்கும் வால்வு வழியாக அது வெளியேற வேண்டும். முழங்கையைத் தூக்கினால் போகும். மறந்தால் பலூன்போல மேலே கிளம்பிவிடுவீர்கள். காற்று காலுக்குப் போய்விட்டால் தலைகீழாகத் தொங்குவீர்கள். முழங்காலை மார்போடு மடக்கிப் புரள வேண்டும். வேடிக்கையாக இருக்கும், ஆனால் அந்த வேடிக்கையை நீச்சல்குளத்தில் பார்த்துவிட வேண்டும், ஏரியில் அல்ல. டிரைசூட்டைக் குளத்தில் ஒரு முறையாவது போட்டுப் பழக்காமல் நேரே ஏரிக்கு அழைத்துப்போகும் பயிற்றுநரிடம் போகாதீர்கள்.

வாடகை டிரைசூட் யாரோ ஒருவர் உடம்புக்குத் தைத்தது. கழுத்துப் பட்டை தளர்ந்தால் தண்ணீர் முதுகில் கோடு போட்டு இறங்கும். இறுகினால் தலை சுற்றும். போட்டதும் குனியுங்கள், கைகளைத் தலைக்கு மேல் தூக்குங்கள், முதுகுப்பக்கம் சிலிண்டர் வால்வைத் தொட முயலுங்கள். பூட்ஸ் பெரிதாக இருந்தால் ஃபின்ஸ், அதாவது கால்துடுப்பு, கழன்றுவிடும். மோதிரம், கடிகாரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவைத்த பிறகே மணிக்கட்டுப் பட்டைக்குள் கையை விடுங்கள். நகம் நீளமாக இருந்தாலும் அந்த ரப்பர் கிழிந்துவிடும்.

அடுத்தது மாஸ்க். இந்தப் படிப்பில் ஆட்கள் விழும் இடம் இதுதான். என் கதையையே சொல்கிறேன்.

ஆறு மீட்டர் ஆழம். எதிரே பயிற்றுநர். மாஸ்க்கில் தண்ணீர் நிரப்பி வெளியேற்றுவதைச் செய்தாயிற்று. அடுத்து முழுவதும் கழற்ற வேண்டும். குளத்தில் பத்து முறை செய்திருக்கிறேன், ஒரு தடவைகூடத் தடுமாறியதில்லை. கழற்றினேன். கன்னம், நெற்றி, இமை எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் ஊசி குத்தியது. வாய் தானாகத் திறந்து மூச்சை உள்ளே இழுத்தது. வாயில் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் கருவி) இருந்ததால் பிழைத்தேன், ஆனால் மூக்கும் சேர்ந்து இழுத்தது. தொண்டையில் ஏரித் தண்ணீர். எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: மேலே. காலை உதைத்தேன். பயிற்றுநர் என் தோள்பட்டை வாரைப் பிடித்து நிறுத்தியிருந்தார். அவர் எப்போது பிடித்தார் என்பதே எனக்குத் தெரியாது. இருமினேன், ரெகுலேட்டருக்குள்ளேயே. அதற்குள் இருமலாம், அதை அதற்கும் சேர்த்துத்தான் செய்திருக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வந்தது. அன்று அதோடு முடித்துவிட்டு அடுத்த வாரம் திரும்பப் போனேன்.

மூச்சைப் பிடித்தபடி மேலே பாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வகுப்பில் படிப்பீர்கள். ஆறு மீட்டரிலிருந்தே நுரையீரலில் காற்று விரிந்து கிழியலாம். ஸ்கூபாவின் முதல் விதி மூச்சை நிறுத்தாதே என்பது. குளிர்நீரில் பதறினால் மூச்சைப் பிடித்தபடி மேலே பாயத் தோன்றும் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

காரணம் உடம்பில் இருக்கிறது. தோல் திடீரென்று குளிர்ந்தால் மூச்சு திணறி வேகமாகும், இதயம் படபடக்கும்; இதைக் குளிர் அதிர்ச்சி என்பார்கள். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் இதன் உச்சம் தணிந்துவிடும். முகம் மட்டும் குளிர்ந்தால் வேறொரு அனிச்சைச் செயல் இதயத்தை மெதுவாக்கப் பார்க்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் உடம்பு குழம்பும். ஆனால் இது பழக்கத்துக்கு அடங்கும். வீட்டிலேயே செய்யலாம்: ஒரு வாளித் தண்ணீரில் ஐஸ் போடுங்கள், ஸ்நார்க்கல் என்னும் மூச்சுக்குழாயை வாயில் கவ்வுங்கள், மாஸ்க் இல்லாமல் முகத்தை முக்குங்கள், வாயால் மட்டும் மூச்சு விடுங்கள். முதல் நாள் பத்து வினாடி தாங்காது. ஒரு வாரத்தில் ஒரு நிமிடம் சாதாரணமாகிவிடும். பக்கத்தில் யாராவது இருக்கட்டும். இதயக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். அப்புறம், டைவ் அன்று இறங்குவதற்கு முன் இடுப்பளவு தண்ணீரில் நின்று, மாஸ்க் இல்லாமல் ரெகுலேட்டரோடு முகத்தை முக்கி ஒரு நிமிடம் இருங்கள். இப்போது நான் உதவும் ஒவ்வொரு வகுப்பிலும் இதைச் செய்யவைக்கிறேன். அதற்குப் பிறகு ஆறு மீட்டரில் அந்த ஊசி பாதியாகக் குறைந்துவிடுகிறது.

இனி கருவி. குளிர்நீரில் ரெகுலேட்டர் ஒரு குறிப்பிட்ட விதத்தில் மக்கர் செய்யும். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று, ரெகுலேட்டரின் முதல் கட்டத்தில், அதாவது சிலிண்டரில் மாட்டும் பகுதியில், சுமார் 10 பார் அளவுக்கு இறங்குகிறது. அப்படி விரியும்போது காற்று கடுமையாகக் குளிரும். சுற்றியுள்ள தண்ணீரும் 4, 5 டிகிரி என்றால் உலோகத்தைச் சூடாக்க யாரும் இல்லை. உள்ளே ஈரம் இருந்தால் உறையும், வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்ளும், காற்று கொட்ட ஆரம்பித்துவிடும். ஃப்ரீ ஃப்ளோ என்பது இதுதான். சத்தமும் குமிழும் பயமுறுத்தும். ஆனால் கவனியுங்கள்: காற்று நிற்கவில்லை, மிதமிஞ்சி வருகிறது. பீச்சியடிக்கும் குழாயில் முழுவதும் வாய் வைக்காமல் ஓரமாக உறிஞ்சிக் குடிப்பதுபோல, உதட்டை இறுக்கி மூடாமல் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை வழியவிட வேண்டும். இது ஓப்பன் வாட்டர் பாடத்திலேயே இருக்கிறது. குளத்தில் 30 வினாடி செய்துகாட்டுவீர்கள். சிலிண்டர் ஓரிரு நிமிடங்களில் காலியாகிவிடக்கூடும். அதனால் உடனே துணைக்குச் சைகை காட்டி, அவருடைய மாற்று ரெகுலேட்டரை வாங்கிக்கொண்டு, இருவரும் சேர்ந்து நிதானமாக மேலேறுங்கள்.

வராமல் தடுப்பது இதைவிட எளிது. குளிர்நீருக்கென்று மூடப்பட்ட முதல் கட்டம் உள்ள ரெகுலேட்டரைக் கேளுங்கள். ஈஎன் 250 விதிப்படி, குளிர்நீருக்குத் தேறாதவற்றின் மேல் 10 டிகிரிக்கு மேல் மட்டும் என்ற குறி பொறித்திருக்கும். வாடகைக் கருவியைத் திருப்பிப் பாருங்கள். உறைபனிக் காற்றில் கரையில் நின்றபடி ரெகுலேட்டரில் மூச்சு விட்டுச் சோதிக்காதீர்கள். உங்கள் மூச்சின் ஈரமே உள்ளே பனியாகும். தலை தண்ணீருக்குள் போன பிறகு முதல் மூச்சு. ரெகுலேட்டரின் முன்பக்கப் பொத்தானை அழுத்தாதீர்கள். மிதவைச் சட்டைக்கோ டிரைசூட்டுக்கோ காற்று சேர்ப்பதைச் சின்னச் சின்னத் தட்டலாகச் செய்யுங்கள், மூச்சை இழுக்கும் அதே நொடியில் வேண்டாம். குளிரான ஏரிகளில் பழகிய பல டைவர்கள் ஒரே சிலிண்டரில் தனித்தனியாக மூடக்கூடிய இரண்டு வால்வும் இரண்டு முதல் கட்டமும் வைத்திருப்பார்கள். ஒன்று கொட்டினால் அதை மூடிவிட்டு மற்றதில் மூச்சு விடுவதற்கு. மாணவருக்கு அது கிடைக்காமல் போகலாம், பயிற்றுநரிடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கைகளைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 5 மில்லிமீட்டர் கையுறையோடு எல்லாமே கனமான பொம்மைபோல் ஆகிவிடும்: கொக்கி, பொத்தான், மாஸ்க் வார். குளப்பயிற்சியின் கடைசி நாளில் கையுறையும் ஹூட்டும் (தலையையும் காதையும் மூடும் உறை) போட்டு எல்லாவற்றையும் திரும்பச் செய்யுங்கள். குளத்தில் வியர்க்கும், பக்கத்தில் நீந்தும் பிள்ளைகள் சிரிப்பார்கள், பரவாயில்லை. விரல் மரத்துப்போய் மாஸ்க் வாரைப் பிடிக்க முடியவில்லை என்றால் டைவ் முடிந்தது என்று அர்த்தம்; அதைச் சைகையில் சொல்வதற்குக் கூச்சப்படாதீர்கள். இரு கைகளையும் குறுக்காக வைத்துத் தோளைத் தேய்த்தால் குளிர்கிறது. கட்டைவிரல் மேலே என்றால் மேலே போகலாம். எவருடைய கட்டைவிரலுக்கும் ஏன் என்ற கேள்வி கிடையாது.

ஹூட் காதை அமுக்கினால் காது அடைப்பை எடுப்பது கடினம். இறங்கும் முன் ஹூட்டின் ஓரத்தை விரலால் விலக்கி இரண்டு காதுக்கும் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். ஒரு காதில் மட்டும் குளிர்ந்த நீர் திடீரென்று புகுந்தால் சில நொடிகள் உலகமே சுழலும். எதையாவது பிடித்துக்கொண்டு நின்றால் அடங்கிவிடும்.

எடை விஷயத்தில் வெப்பக் கடல்காரர்களின் கணக்கை மறந்துவிடுங்கள். மெல்லிய உடையில் நாலைந்து கிலோ போதுமானவருக்கு, டிரைசூட்டும் கனமான உள்ளுடையும் போட்டால் பத்து, பன்னிரண்டு கிலோகூட ஆகலாம். கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் கனம். கருவியோடு சேர்ந்து 100 கிலோ இருக்கும் ஒருவர் ஏரியிலிருந்து கடலுக்கு மாறினால் இரண்டரைக் கிலோ கூட்ட வேண்டும். சோதனை சுலபம்: சாதாரண மூச்சைப் பிடித்துக் கண்மட்டத்தில் மிதக்க வேண்டும், மூச்சை விட்டால் மூழ்க வேண்டும். ஆனால் 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் காற்றே ஏறக்குறைய 3 கிலோ. டைவ் முடியும்போது அதில் பெரும்பகுதி போயிருக்கும். அதனால் கடைசியில், 50 பார் இருக்கும்போது இன்னொரு முறை சோதியுங்கள். புதியவர்களுக்கு எடையைக் கூட்டி வைத்துவிடுவது சில பயிற்றுநர்களின் வழக்கம். மாணவர் மேலே கிளம்பாமல் ஓரிடத்தில் இருப்பார் என்று. அடியில் சேறு உள்ள ஏரியில் அந்தக் கூடுதல் எடையோடு மண்டி போட்டால், அடுத்த பத்து நிமிடம் யாருக்கும் எதுவும் தெரியாது.

காற்றும் வேகமாகப் போகும். நிதானமாக இருப்பவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் அது 40. 12 லிட்டர் சிலிண்டரில் 150 பார் செலவழிக்கலாம் என்றால் 1800 லிட்டர், 45 நிமிடம். குளிரிலும் பதற்றத்திலும் 30 லிட்டர் எடுத்தால் அதே சிலிண்டர் அரைமணி நேரம்தான். மூச்சு அதிகமாகிறதே என்று வெட்கப்பட வேண்டாம், சிலிண்டரின் அழுத்தமானியை அடிக்கடி பாருங்கள், போதும்.

ஓப்பன் வாட்டருக்கு, பேடி முறைப்படி, திறந்த நீரில் நான்கு டைவ், குறைந்தது இரண்டு நாள். குளிரில் மூன்று நாளாகப் பரப்பிக்கொள்ள முடிந்தால் நல்லது. இரண்டு டைவுக்கு நடுவே உள்ள ஒரு மணி நேரத்தில்தான் நாள் கெட்டுப்போகும். கரையேறியதும் ஹூட்டைக் கழற்றிக் கம்பளித் தொப்பி, காற்று படாத இடம், சூடாக ஏதாவது குடிக்க. இன்னொரு ஃபிளாஸ்க்கில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுபோய், நனையும் கையுறை என்றால் அடுத்த டைவுக்கு முன் அதற்குள் ஊற்றிக்கொள்ளுங்கள்; அந்த ஒரு நிமிடச் சுகம் அரைமணி நேரத்துக்குத் தாங்கும். நடுக்கம் நிற்கவில்லை என்றால் இரண்டாவது டைவ் வேண்டாம். நடுக்கம் தொடர்ந்தால் உடம்பின் உள்சூடு இறங்கிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 35 டிகிரிக்குக் கீழே போவதைத்தான் ஹைப்போதெர்மியா என்கிறார்கள். டைவ் முடிந்த கையோடு கொதிக்கக் கொதிக்கக் குளிக்கவும் வேண்டாம். திசுக்களில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேறட்டும்.

சிறுநீர் பற்றியும் சொல்லியாக வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் தோலின் ரத்தம் உள்ளே ஒதுங்கும், சிறுநீரகம் அதிக வேலை செய்யும். வெட்சூட்காரர்கள் அதைப் பெரிய பிரச்சினையாக நினைப்பதில்லை. டிரைசூட்காரர்கள் நினைத்தே ஆக வேண்டும். அதற்காகத் தண்ணீர் குடிப்பதை நிறுத்துபவர்கள் உண்டு, அது தவறு. உடம்பில் நீர் வற்றினால் அழுத்த நோய்க்கான (கரைந்த நைட்ரஜன் உடம்புக்குள் குமிழாகி வரும் நோய்) வாய்ப்பு கூடலாம். டைவுக்குச் சற்று முன் போய்வாருங்கள். பெரியவர்களுக்கான டயப்பர் கட்டிக்கொள்ளும் அனுபவசாலிகள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

மருத்துவக் கேள்வித்தாளில் பொய் சொல்லாதீர்கள். முக்கியமாக ரத்த அழுத்தம். குளிர்ந்த நீரில் மூழ்கும்போது ரத்தம் மார்புப் பக்கம் ஒதுங்குவதால் சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். உழைக்காமலேயே மூச்சு வாங்குகிறது, இருமல் வருகிறது, சளியில் இளஞ்சிவப்பு நுரை என்றால் உடனே டைவை நிறுத்தி, கரையேறி, ஆக்சிஜன், மருத்துவமனை. பதற்றம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

நடுவழி ஒன்றும் உண்டு. பாடத்தையும் குளப்பயிற்சியையும் இங்கே முடித்து, அவற்றை முடித்ததற்கான ரெஃபரல் தாள் வாங்கிக்கொண்டு, கடைசி நான்கு டைவை வெப்பக் கடலில் செய்யலாம். விடுமுறையில் மட்டும் பவளப்பாறை பார்க்க ஆசை என்றால் அதுவே சரி; 8 டிகிரியில் வருந்தி எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்குப் பக்கத்தில் ஆண்டு முழுவதும் இறங்க வேண்டும், என்றாவது கலிஃபோர்னியாவின் மான்டரேயில் உள்ள கெல்ப் என்னும் ராட்சதக் கடற்பாசிக் காட்டையோ, 2 முதல் 4 டிகிரியில் கண்ணாடிபோல் தெளிந்து கிடக்கும் ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவையோ பார்க்க வேண்டும் என்றால், இங்கேயே தொடங்குங்கள். சில்ஃப்ராவில் ஸ்கூபா செய்ய டிரைசூட் பயிற்சியோ அனுபவமோ காட்டியாக வேண்டும். அதை இந்தப் படிப்போடு சேர்த்தே முடித்துக்கொள்ளலாம்.

பயிற்றுநரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். ஏரியில் ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்? பேடி விதி எட்டு வரை அனுமதிக்கிறது. பார்வை மூன்று மீட்டர் உள்ள குளிர்ந்த ஏரியில் நாலு பேருக்கு மேல் என்றால் நான் போகமாட்டேன். டிரைசூட்டைக் குளத்தில் பழக எத்தனை மணி நேரம்? ஒரு நாள் முடியாமல் போனால் இன்னொரு நாள் வரலாமா, அதற்குத் தனிக் கட்டணமா? என் உயரம், எடை, காலணி அளவு என்ன என்று எப்போது கேட்பீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு எல்லா அளவும் இருக்கிறது, நீங்கள் வந்தால் போதும் என்று பதில் வந்தால், அடுத்த பயிற்றுநரின் எண்ணைத் தேடுங்கள்.